ஐந்துக்கு ஐந்து

ஜூன் 2

இந்த நாட்குறிப்பை நான் கேட்டு வாங்கவில்லை. என் மகள் வாணி புனேயிலிருந்து கூரியரில் அனுப்பியிருக்கிறாள். தினமும் எழுத வேண்டுமாம். எழுதினால் ஞாபகம் துருப்பிடிக்காதாம். அறுபத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். ஜனவரியிலிருந்து மே வரை பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. புத்தகக் கடைக்காரனுக்கு வீணாகும் தாளைப் பார்த்தால் வயிறு எரியும்.

விஷயம் இதுதான். மே மாதம் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எங்கள் காலனிக்குப் போகும் டவுன் பஸ் எதுவென்று சட்டென்று பிடிபடவில்லை. வெயில் அப்படி. தெரிந்த கண்டக்டர் ஒருவர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, என் போனை வாங்கி வாணியைக் கூப்பிட்டு, "உங்கப்பா ஒரு மணி நேரமா இங்கயே நிக்கிறாருங்க" என்று போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரமெல்லாம் இல்லை.

அவள் அன்றே பிடித்துக்கொண்டாள். "அப்பா, இன்னொருக்கா இந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா கடையைக் குடுத்துட்டு இங்க வந்துரோணும். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். இன்னொரு தடவை ஆகப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் பண்ணினேன். முப்பத்து நான்கு வருடமாக நடத்தும் கடை. அதை விட்டுவிட்டுப் புனேயில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?

ஜூன் 3

பார்சல் வந்துவிட்டது. இந்த மாதம் துப்பறியும் நாவல்கள் மட்டும் ஒன்பது. ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி. கட்டை அவிழ்க்கும்போது வரும் மை வாசனைக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என் மனைவி சுந்தராம்பாள் நம்பினாள்.

பள்ளிக்கூடக் கைடும் நோட்டும் என் கடையை நடத்துகின்றன. கொலையும் கொள்ளையும் என்னை நடத்துகின்றன. பக்தி, சமையல், சுயமுன்னேற்றம் எல்லாம் அட்டையைத் துடைத்து வைப்பதோடு சரி. இப்போது எழுத வந்திருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். முன்பெல்லாம் கொலைகாரன் கடைசியில் ஆறு பக்கம் வசனம் பேசுவான், போலீஸ் காபி குடித்துக்கொண்டு கேட்கும். இவர்கள் பேசவே விடுவதில்லை. ஒரு வரியில் விலங்கை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

விற்க வேண்டிய புத்தகத்தை முதலில் நான் படித்துவிடுவது திருட்டுத்தனம்தான். ஆனால் தடயம் விடாத திருட்டு. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருவேன். புத்தகத்தைக் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. சங்கிலி போட்ட கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது போலத்தான் படிப்பேன். விரித்தால் முதுகில் கோடு விழுந்துவிடும். அடையாளத்துக்கு எதையும் சொருகுவதில்லை, பக்க எண் மனதில் இருக்கும். முடித்துவிட்டு ரேக்கில் வைத்தால், நான் படித்த பிரதி எது, படிக்காதது எது என்று எனக்கே தெரியாது.

இன்று கையில் எடுத்தது 'மஞ்சள் ரெயின்கோட்'. எழுதியது புதுப் பெண், முதல் நாவல்.

ஜூன் 6

ரெயின்கோட் முடிந்தது. கோத்தகிரியில் மழையே பெய்யாத ஒரு நாள், ரெயின்கோட் போட்ட பிணம் ஒன்று தேயிலைக்குள் கிடக்கிறது. இப்படித் தொடங்கினால் யார்தான் கீழே வைப்பார்கள்?

எனக்கு ஒரு வழக்கம். கால்வாசி பாக்கி இருக்கும்போது நிறுத்தி, கொலைகாரர் யாரென்று ஒரு பெயரை எழுதிவைத்துவிட்டுத்தான் மேலே படிப்பேன். டாக்டர் என்று எழுதினேன். கடைசியில் தையல்காரர்! கோட்டின் கைநீளம் பற்றி நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. கண் முன்னால் வைத்துவிட்டு என்னை ஏமாற்றியிருக்கிறாள் அந்தப் பெண். தோற்றேன், அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றேன். பொதுவாக மூன்றில் ஒன்றை நான் பிடித்துவிடுவேன். அதற்கு மேல் பிடித்தால் எழுதினவர் சோம்பேறி என்று அர்த்தம்.

தினசரி காலண்டரில் அன்றன்று கிழித்த தாளின் பின்பக்கத்தில் என் தீர்ப்பை எழுதி, ரேக்கில் அந்தப் புத்தகத்துக்கு முன்னால் சொருகிவைப்பேன். இந்த ஊரில் துப்பறியும் கதை படிக்கிற நாற்பது ஐம்பது பேரும் அந்தச் சீட்டைப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். முதல் ஆள் பக்கத்து மெடிக்கல்ஸில் வேலை பார்க்கும் ரேணுகா. நாற்பது வயது, மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒளித்துவைத்துப் படிப்பாள்.

"ஏனுங்க சார், புதுசு எப்படீங்க?"

"அம்மிணி, தோத்துட்டேன். தூக்கிட்டுப் போ."

நான் தோற்ற புத்தகம் என்றால் அவள் மறுபேச்சு இல்லாமல் வாங்கிவிடுவாள்.

ஜூன் 9

ஞாயிறு. கடை இல்லை. இரண்டு வேட்டி துவைத்தேன். ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

சுந்தராம்பாள் போய் நாலு வருடம் ஆகிறது. அவள் ஒரு நாவலும் படித்ததில்லை. ஆனால் நான் படித்த கதையைச் சாப்பிடும்போது முழுக்கக் கேட்பாள். கொலைகாரன் யாரென்று அவளுக்கு அக்கறையே கிடையாது. "செத்தவனுக்குக் கொழந்தைங்க இருக்குதா? அதுகளை இனி யார் பார்ப்பாங்க?" என்பாள். எழுத்தாளர் சொல்லவில்லை என்றால் என்னைத்தான் கோபிப்பாள். இப்போது கதை முடிந்ததும் வாயைத் திறந்து, யாரும் இல்லை என்று மூடிக்கொள்கிறேன்.

ஜூன் 12

'லாக்கர் எண் 118'. பாங்க் லாக்கரைத் திறந்தால் ஒரு மோதிரம், மோதிரத்துக்குள் விரல். மேனேஜர் என்று எழுதினேன். காவலாளியின் மனைவியாம். மறுபடியும் தோல்வி. சீட்டில் 'விட்டுவிடாதீர்கள்' என்று எழுதினேன்.

ஜூன் 17

'கடைசி மிஸ்டு கால்'. தோல்வி. பல் டாக்டர் என்று யார்தான் நினைப்பார்கள்?

ஜூன் 20

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கம் கணவாயைத் திறந்துவிட்டார்கள். இனி ஆடி முடியும் வரை கதவு, ஜன்னல், மனுஷன் எதுவும் சும்மா இருக்காது. ஷட்டருக்கு எண்ணெய் விட்டேன்.

சமையல் அலமாரியில் உப்புப் பாக்கெட் நாலு இருக்கிறது. கடையில் இரண்டுக்கு இரண்டு இலவசம் கொடுத்திருப்பார்கள்.

வாணி பேசினாள். "சாப்ட்டீங்களாப்பா? டைரி எழுதறீங்களா? எழுதினதைத் திருப்பிப் படிச்சுப் பாக்கறீங்களா?"

எழுதுகிறேன் என்றேன். படிப்பதில்லை என்று சொல்லவில்லை. முடிவு தெரிந்த கதையை எவன் திரும்பப் படிப்பான்?

ஜூன் 27

பார்சல் கட்டுக்குள் கண்ணில் படாமல் ஒரு புது நாவல் இருந்திருக்கிறது. 'மஞ்சள் ரெயின்கோட்'. முன்னால் சீட்டு இல்லை, அதனால் இன்னும் படிக்கவில்லை என்று தெரிந்தது. மழை இல்லாத நாளில் ரெயின்கோட்டோடு ஒரு பிணம். என்ன அருமையான தொடக்கம்!

கால்வாசி பாக்கியில் நிறுத்தி, தையல்காரர் என்று எழுதினேன். தையல்காரரேதான்! கோட்டின் கைநீளம் பற்றிய வரியைப் படித்ததுமே மூளையில் மின்னல் அடித்தது. வாணி பார்க்க வேண்டும். ஞாபகம் துருப்பிடித்த ஆளுக்கு நாற்பதாம் பக்கத்து வரி நூற்று அறுபதாம் பக்கத்தில் நினைவு இருக்குமா?

சீட்டு எழுதி வைத்தேன்.

ஜூலை 1

இந்த மாத பார்சல் இன்னும் வரவில்லை. காற்று.

ஜூலை 5

'லாக்கர் எண் 118' என்று ஒன்று. காவலாளியின் மனைவி என்று எழுதினேன். சரி. தொடர்ந்து இரண்டு.

ரேணுகா வந்தாள். புதிதாக ஒன்று படித்தேன், லாக்கருக்குள் விரல் என்று ஆர்வமாகச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "சார், அது..." என்று ஆரம்பித்து, "கடையில ஆள் வந்திருச்சுங்க" என்று போய்விட்டாள். மெடிக்கல்ஸில் ஒருவரையும் காணோம். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஏதோ கவலை போல.

ஜூலை 11

'கடைசி மிஸ்டு கால்'. பல் டாக்டர் என்று ஐம்பதாம் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். சரி. தொடர்ந்து மூன்று.

வாணியிடம் போனில் சொன்னேன். "எங்கப்பா பரவால்லையே" என்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து! போனை வைத்த பிறகு நானும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13

'ஓடக்கரை வீடு'. சமையல்காரி. சரி. நாலு.

ஜூலை 16

ஐந்துக்கு ஐந்து! இன்றைக்கு 'மஞ்சள் ரெயின்கோட்'. கொலைகாரர் தையல்காரர் என்பது பிணம் விழுந்த உடனே தெரிந்துவிட்டது. ஜெயித்ததில் சந்தோஷம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சலிப்பாகவும் இருக்கிறது. இந்தப் புதுப் பிள்ளைகளைத் தலையில் தூக்கிவைத்தேனே, என்ன ஆயிற்று இவர்களுக்கு? முன்பு மூன்றில் இரண்டு தோற்பேன். அந்தத் தோல்வியில் ஒரு ருசி இருந்தது. இப்போது கதவைத் தட்டுவதற்குள் கொலைகாரன் வந்து கையை நீட்டுகிறான்.

சீட்டைக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். நல்லதை நல்லது என்றும் மட்டத்தை மட்டம் என்றும் சொல்வதால்தான் இந்த ஊர் என் சீட்டை நம்புகிறது.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. காற்று கடைக்குள் புகுந்து சீட்டு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

கல்லூரி வாத்தியார் ஒருவர் 'மஞ்சள் ரெயின்கோட்'டை எடுத்துப் புரட்டினார். "வேண்டாங்க, ஆரம்பத்துலயே தெரிஞ்சுரும்" என்று தடுத்துவிட்டேன். அவர் சமையல் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 21

வாணி இருபத்தேழாம் தேதி வருகிறாள். இரண்டு நாள் இருப்பாளாம். "சும்மா பாக்கணும்னு தோணுச்சுப்பா" என்கிறாள். சும்மா இல்லை, சோதனைக்கு வருகிறாள். வரட்டும். ஐந்துக்கு ஐந்து என்று போனிலேயே சொல்லிவிட்டேன், நேரிலும் காட்டுகிறேன். அலமாரியைத் துடைத்தேன். உப்புப் பாக்கெட்டுகளை பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூலை 24

காலையில் தலைவலி மாத்திரைக்காகப் பக்கத்தில் போனேன். ரேணுகா உள்ளே எடுக்கப் போயிருந்தாள். கவுண்டரில் ஒரு காலி மாத்திரைப் பெட்டி, அதற்குள் என் சீட்டுகள். அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"காத்துல எங்க படிக்கு வந்து விழுகுதுங்க சார். கூட்டும்போது எடுத்து வெச்சேன்" என்றாள். கையை நீட்டிப் பெட்டியை வாங்கப் பார்த்தாள். "அப்புறம் நானே கொண்டாந்து தர்றேனுங்க."

"என் சீட்டை நான் பாக்கக் கூடாதா அம்மிணி?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

'மஞ்சள் ரெயின்கோட்' என்று மூன்று சீட்டுகள். மூன்றும் என் கையெழுத்து. ஒன்று: 'என்னால் பிடிக்க முடியவில்லை. பிரமாதம். கட்டாயம் படியுங்கள்.' இன்னொன்று: 'நல்ல கதை. கூர்ந்து படித்தால் பிடித்துவிடலாம்.' மூன்றாவது: 'சுமார். எடுத்ததுமே தெரிந்துவிடுகிறது. பஸ்ஸில் போகும்போது படிக்கலாம்.'

ஒரு புத்தகத்துக்கு மூன்று தீர்ப்பு எப்படி வரும்? யாரோ என் கையெழுத்தில் விளையாடியிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். திருப்பிப் பார்த்தேன். காலண்டர் தாளின் முன்பக்கத்தில் தேதி பெரிதாக அச்சாகியிருக்கும் அல்லவா. ஜூன் 6. ஜூன் 27. ஜூலை 16.

லாக்கருக்கும் இரண்டு. மிஸ்டு காலுக்கும் இரண்டு. ஜூனில் படித்த ஞாபகமே இல்லாத 'ஓடக்கரை வீட்டு'க்கும் இரண்டு.

"எப்ப இருந்து தெரியும் அம்மிணி?"

"லாக்கர் கதையை நீங்க புதுசுன்னு சொன்னப்பங்க. அதை உங்ககிட்ட வாங்கிப் படிச்சு முடிச்சு அப்பவே மூணு வாரமாயிருந்துச்சுங்க சார்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லலாமா வேண்டாமான்னு கெடந்து தவிச்சேனுங்க. நீங்க அத்தனை சந்தோசமா ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னீங்க."

சீட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 24, மத்தியானம்

ஜூன் 2 முதல் இந்த நாட்குறிப்பைப் படித்தேன். முழுவதும் நானே எழுதியிருக்கிறேன். அந்த ஆளைத் தெரிகிறது, அவன் படித்ததில் பாதி எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை எல்லாவற்றிலும் தோற்றிருக்கிறேன். இரண்டாம், மூன்றாம் தடவைதான் ஜெயித்திருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து என்று மகளிடம் பீற்றிக்கொண்டது அதைத்தான். புத்தி கூர்மையாகிறது என்று எதை நினைத்தேனோ அது புத்தி கழன்றுகொண்டிருப்பதற்கு அத்தாட்சி. புத்தகத்தில் ஒரு மடிப்பு, ஒரு கோடு, ஒரு விரல் ரேகை இருந்தால்கூடக் கண்டுபிடித்திருப்பேன். தடயமே விடாமல் படிக்கிற கெட்டிக்காரன் அல்லவா நான்.

பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், பயமாக இருக்கிறது.

ரெயின்கோட் எழுதிய அந்தப் புதுப் பெண் என்ன பாவம் செய்தாள்? என்னை ஏமாற்றிய அவ்வளவு நல்ல கதையை நான் சுமார் என்று எழுதினேன். வாங்க வந்தவரைத் தடுத்தேன். அந்தக் கல்லூரி வாத்தியார் எந்தக் கல்லூரி என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை.

ஜூலை 25

ரேணுகா காபி வாங்கிக்கொண்டு வந்தாள். ஆறுதல் சொல்ல நினைத்தாள், பாவம்.

"ஒரு விதத்துல பாத்தா நல்லதுதானுங்களே சார். ஒரே புக்கை எத்தனை தடவை வேணும்னாலும் புதுசா படிச்சுக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் காபி சிந்திவிட்டது. "புதுசா எங்க அம்மிணி படிக்கறேன்? கதை போயிருது, மனுசங்க போயிர்றாங்க. கொலைகாரன் மட்டும் உள்ள உக்காந்துக்கிறான். பேரைக் கேட்டதும் எந்திரிச்சு நிக்கிறான். அதுக்குப் பேரு படிக்கறதா?"

அவள் சிந்திய காபியைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "வாணி பாப்பா வந்து கேட்டா நான் ஒண்ணும் சொல்லமாட்டேனுங்க" என்றாள்.

அப்படியானால் யாருக்கும் தெரியாது. சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டால் முடிந்தது. வாணி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவாள். கடை இருக்கும். மத்தியானம் படிக்கிற இரண்டு மணி நேரமும் இருக்கும்.

இன்று எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

ஜூலை 27

வாணி வந்தாள். இளைத்திருக்கிறாள். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மத்தியானம் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் ஷட்டரைச் சரிசெய்கிறேன் என்று வாசலுக்குப் போனேன். அவள் பக்கத்துக் கடைக்குப் போனது தெரிந்தது. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். எல்லாம் கேட்கும்.

"அக்கா, அப்பா எப்படி இருக்காங்க? எங்கிட்ட நெஜத்தைச் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்காருங்க. எங்களை விடவும் ஞாபகம் அவருக்குத்தான்."

"அஞ்சு நாவல்ல அஞ்சையும் கண்டுபுடிச்சாராமே?"

ரேணுகா மாத்திரைப் பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாங்க" என்றாள். அந்த ஆமாங்கவில் குரல் உடைந்தது. பொய் சொல்லத் தெரியாத பெண் எனக்காகச் சொல்கிறாள். நான் ஜெயித்துவிட்டேன். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அவமானமாக இருந்தது. மிச்சமிருக்கும் நாளெல்லாம் ரேணுகா இப்படிப் பொய் சொல்ல வேண்டும், நான் மறந்துபோய் மறுபடியும் மறுபடியும் அவளிடம் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வாணி திரும்பி வந்தபோது முகத்தில் வெளிச்சம் இருந்தது. அதை அணைக்க மனசே வரவில்லை. பெட்டியை எடுத்து மூன்று சீட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

"இதைப் படி கண்ணு. படிச்சுட்டு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாரு."

படித்தாள். திருப்பினாள். கெட்டிக்காரி, நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை ஏம்ப்பா எங்கிட்டக் காட்டுனீங்க? காட்டாம இருந்திருந்தா..."

"காட்டாம இருந்திருந்தா நீ கண்டுபுடிச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தான்."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சின்ன வயதில் அழுத அதே மாதிரி, சத்தம் வராமல். நானும் அழுதேன். காற்றில் ஷட்டர் ஆடிய ஆட்டத்தில் வெளியே ஒன்றும் கேட்டிருக்காது.

ஜூலை 29

கோயம்புத்தூரில் டாக்டர். படங்கள் காட்டினார், மணி பார்க்கச் சொன்னார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மறதி நோயின் ஆரம்ப நிலையாம். மாத்திரை உண்டு, அது ஞாபகம் போவதைக் கொஞ்சம் மெதுவாக்கும். தனியாக இருக்கக் கூடாது. படிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். அந்தத் தாராளமாகவில் அவருக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று புரிந்தது.

ஆகஸ்ட் பதினோராம் தேதிக்குப் புனே ரயிலில் டிக்கெட். சத்தியம் சத்தியம்தான்.

ஜூலை 31

வாணி லீவு நீட்டித்திருக்கிறாள். வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கைடுகளையும் நோட்டுகளையும் பழனி ரோட்டில் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். துப்பறியும் நாவல்கள் வேண்டாமாம், போகாதாம். போகாதாம்! நாவல் மொத்தமும் ரேணுகாவுக்கு என்றேன். மெடிக்கல்ஸ் முதலாளி ஒரு ரேக் வைக்க இடம் கொடுத்திருக்கிறார்.

'மஞ்சள் ரெயின்கோட்'டுக்கு நாலாவது சீட்டு எழுதினேன். 'இதைப் பற்றி நான் முன்பு சொன்னது தவறு. முதல் சீட்டே சரி. நாச்சிமுத்து.' காற்றில் போகாமல் இருக்க கோந்து போட்டு ரேக்கிலேயே ஒட்டினேன்.

ஆகஸ்ட் 3

வரவேண்டாம் என்று சொல்லியும் ஒரு பார்சல் வந்துவிட்டது. ஆர்டர் முன்பே போயிருக்கிறது. மேசைமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இருப்பது எனக்குப் புதிதா இல்லையா? என்னைக் கேட்டால் எல்லாமே புதிது. என் வார்த்தையை நான் எப்படி நம்புவது?

ரேணுகாவைக் கூப்பிட்டேன். "இதை நீயே பிரி அம்மிணி. பில்லுல தேதி பாரு. நான் முந்தி தொட்டிருக்கவே முடியாத ஒண்ணை எடுத்துக் குடு."

அவள் பிளாஸ்டிக் பட்டையைக் கத்தரியால் வெட்டினாள். பில்லைப் படித்தாள். ஒவ்வொரு புத்தகமாக முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றை நீட்டினாள். 'மீட்டர் ரீடிங்'. "ஜூலை கடைசியிலதான் அச்சாயிருக்குதுங்க. இந்த ஊர்லயே இதை மொதல்ல தொடறது நாந்தானுங்க, ரெண்டாவது நீங்க."

ஆகஸ்ட் 4

ஞாயிறு. வாணி தோசை சுட்டாள். நாள் முழுக்கப் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறந்ததும் ஒரு பெயர் எழுந்து நின்றுவிடுமோ என்று பயம்.

ஆகஸ்ட் 5

கடைசித் திங்கள்கிழமை. ரேக்குகள் போய்விட்டன. ஒரு நாற்காலியும் நானும் மட்டும். இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கி உட்கார்ந்தேன். சின்ன நாவல்தான், நூறு பக்கம்.

மின்சார மீட்டர் கணக்கெடுக்க வந்த ஆள் ஒரு பூட்டின வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறான். பூட்டு வெளியிலிருந்து போட்டது. அந்த வீட்டில் ஆறு மாதமாக யாரும் இல்லை, ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துப் பக்கம் படித்தேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. முப்பது பக்கம். வீட்டு ஓனர் மேல் சந்தேகம், பிறகு தண்ணீர் கேன் போடுகிறவன் மேல், பிறகு மறுபடியும் ஓனர் மேல். இத்தனை வருடத்தில் ஒரு கதையை இப்படிக் கும்பிட்டுக்கொண்டே படித்ததில்லை. வந்துவிடாதே, வந்துவிடாதே என்று கொலைகாரனிடம் கெஞ்சிக்கொண்டே படித்தேன்.

கால்வாசி பாக்கி இருந்தபோது நிறுத்தினேன். வீட்டு ஓனர் என்று இதோ இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். மேலே படித்தேன்.

ஓனர் இல்லை! கனவில்கூட நினைக்காத ஆள்! ஷட்டரைத் தூக்கிக்கொண்டு பனியனோடு பக்கத்துக் கடைக்கு ஓடினேன். இருமல் மருந்து வாங்க நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோத்துட்டேன் அம்மிணி! தோத்துட்டேன்!"

ரேணுகா மருந்துப் பாட்டிலை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இருமல்காரர் ஒருவர், "லாட்டரியாங்க?" என்று கேட்டார். வாணிக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருந்தாள், அப்புறம் கூப்பிடுகிறேன்ப்பா என்றாள். பரவாயில்லை.

திரும்பிக் காலிக் கடையில் வந்து உட்கார்ந்தேன். கொலைகாரர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது என்னை விட்டுப் போகட்டும், அல்லது போகாமல் உள்ளேயே உட்காரட்டும், எனக்கு அக்கறை இல்லை. இன்னும் ஒரு வாரத்திலோ ஒரு வருடத்திலோ, புனேயில் இந்தப் பக்கத்தைப் புரட்டும் நாச்சிமுத்துவுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் என்னை நம்பலாம், ரேணுகா சாட்சி.

ஆகஸ்ட் 5, மத்தியானம் மூன்றே முக்கால். புத்தகம் புதிது. நீ தோற்றாய்.